சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கை

டாக்டர் பொசீசியோ அறை கேட்டு வந்தபோது அவரிடம் இரண்டு வாடகை சொன்னேன்.

"குறை சொல்லிக்கிட்டே இருக்கிறதுன்னா ஒரு வாடகை. வாயை மூடிக்கிட்டு இருக்கிறதுன்னா கம்மி. எது வேணும்?"

மனுஷர் கிரெமோனாக்காரர். சமவெளி ஆள். எங்கள் ஜெனோவா வழக்கம் அவருக்கு எங்கே தெரியப்போகிறது? அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் கப்பலில் வேலைக்குச் சேரும்போது முணுமுணுக்கும் உரிமை வேண்டுமா என்று கேட்பார்களாம். வேண்டுமென்றால் சம்பளம் குறையும். எங்கள் ஆட்கள் குறைந்த சம்பளத்தை வாங்கிக்கொண்டு, காற்றைப் பற்றியும் கஞ்சியைப் பற்றியும் கப்பல் தலைவனைப் பற்றியும் கடல் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். நாங்கள் அந்த வம்சம். பட்டினி கிடப்போம், குறை சொல்லாமல் கிடக்க மாட்டோம்.

"நான் பல் டாக்டர்மா. காலம் பூரா அடுத்தவங்க வாயைத் திறக்கச் சொன்னவன். என் வாயை மூடிக்கிறதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. கம்மி வாடகையே போதும்" என்றார் அவர்.

அப்படித்தான் குளிர்காலம் முழுக்கத் தங்க வந்தார். எதற்கு வந்தார் தெரியுமா? எங்கள் ஊர் அரண்மனைகளின் உள்கூரையில் வரைந்திருக்கும் ஓவியங்களைப் பார்க்க. வேலை பார்த்த நாளெல்லாம் குனிந்தே கழித்தாராம். இனிமேல் இருக்கிற நாளில் நிமிர்ந்து பார்க்கப்போகிறாராம். காலையில் ரொட்டியைக் காபியில் தோய்த்துத் தின்றுவிட்டுக் கிளம்பினால் சாயங்காலம்தான் வருவார். சிவப்பு அரண்மனை, வெள்ளை அரண்மனை, யாரோ வங்கிக்காரன் கட்டி இப்போது வக்கீல்கள் குடியிருக்கும் அரண்மனை, எதையும் விடுவதில்லை. கழுத்து வலிக்கிறது என்று சவரக் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு அதில் கூரையைப் பார்ப்பார். கண்ணாடி போதவில்லை என்றால் தரையிலேயே படுத்துவிடுவார். காவலாளிகள் ஓடிவந்து எழுப்புவார்களாம். ஒரு முறை ஆம்புலன்ஸுக்கே சொல்லிவிட்டார்கள்.

என் வீடும் அரண்மனைதான், அரண்மனையின் துண்டு. மேல் மாடியில் பெரிய கூடம் ஒன்று இருந்தது. சண்டைக்காலத்தில் குண்டு விழுந்து வீடிழந்தவர்களை நகரசபை இங்கே குடியேற்றியது. என் அப்பாவும் பக்கத்து வீட்டு ஒட்டோனெல்லோவின் அப்பாவும் துறைமுகத்தில் ஒன்றாக மூட்டை தூக்கியவர்கள். கூடத்தைப் பாதியாகப் பிரித்து நடுவில் சுவர் வைத்துக்கொண்டார்கள். பிற்பாடு ஆளுக்கொரு பாதியை விலைக்கும் வாங்கினார்கள். எங்கள் பாதியில் சமையலறை வந்தது. அதனால்தான் என் சமையலறை கோயில் மாதிரி உயரம். அடுப்பு எத்தனை எரிந்தாலும் சூடெல்லாம் மேலே போய்விடும், கீழே பல் தந்தியடிக்கும்.

அந்த உயரத்தில், கூரையில், ஒரு பெண் இருக்கிறாள். பாறையில் சங்கிலி போட்டுக் கட்டிய பெண். யார் வரைந்தது என்று யாருக்கும் தெரியாது. படம் முழுதாக இருந்த நாளில், வீடிழந்து வந்தவர்களுக்கு அண்ணாந்து பார்க்க ஏது நேரம்? முகம், அவிழ்ந்த தலைமுடி, சங்கிலியில் மாட்டிய இடது கை எல்லாம் எங்கள் பக்கம். வலது கை சுவரை நோக்கி நீள்கிறது, மணிக்கட்டோடு சுவர் வந்துவிடுகிறது. "பாவப்பட்டவ, யாரோ காலைப் பிடிச்சுக் கெஞ்சுறா" என்பாள் என் அம்மா. அவள் பேரே எங்கள் வீட்டில் பாவப்பட்டவள்தான்.

டாக்டர் முதல் நாளே கேட்டார். "இவ கை எங்கம்மா?"

"திருடிட்டாங்க."

"யாரு?"

"பக்கத்து வீட்டுல."

சொல்ல ஆரம்பித்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். சுவர் வைக்கும் முன்னால் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டார்கள். அந்தக் கோட்டின்படி கை எங்கள் பக்கம். அப்பா காலை வேலைக்குப் போய்விட்டு வருவதற்குள் ஒட்டோனெல்லோவின் அப்பன் செங்கலை ஒரு சாண் இந்தப் பக்கம் தள்ளி அடுக்கிவிட்டான். கை அங்கே போய்விட்டது. அவர்கள் கேட்டால் கோட்டைப் போட்டதே என் அப்பாதான், கோணலாகப் போட்டது அவர் குற்றம் என்பார்கள். அன்றோடு பேச்சு நின்றது. அப்பாக்கள் இருவரும் செத்துப்போனார்கள், சண்டையை எங்களுக்கு வைத்துவிட்டுப் போனார்கள். பாச்சிச்சா ஒட்டோனெல்லோவின் வாசற்படியை நான் மிதித்ததே இல்லை. நான் கருவாடு வேகவைத்தால் அவன் சுவரில் இடிப்பான். அவன் ரேடியோ வைத்தால் நான் உலக்கையால் இடிப்பேன். எங்கள் ஊர்ச் சாந்துக்குத் துளசி இலை அரைக்கிற சின்ன உலக்கை, நல்ல கனம்.

"நான் அந்தப் பக்கம் போய் ஒரு தடவை பாத்துட்டு வரட்டுமா?" என்றார் டாக்டர்.

"தாராளமாப் போங்க. போனா அங்கேயே இருந்துக்கங்க. உங்க பெட்டியை நான் மாடிப்படியில வச்சிடுறேன்."

அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்ல முடியாது, கம்மி வாடகை.

இப்போது கம்பெனி விஷயத்துக்கு வருகிறேன். பெயர் வேண்டாம், வெளியூர்க் கம்பெனி. எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு வீடாக வாங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் மிச்சம் நானும் ஒட்டோனெல்லோவும்தான். மாதக்கணக்கில் தங்கி ஊர் பார்க்க வரும் பணக்காரர்களுக்கு இதைச் சொகுசு விடுதியாக்கப் போகிறார்களாம். நான் விற்க மாட்டேன் என்றேன். சரி என்று சிரித்துக்கொண்டே வேறு வழிக்குப் போனார்கள். கூரைக்குப் புதுக் கற்பலகை, படிக்கட்டுக்குப் பளிங்கு, லிஃப்ட், இன்னும் என்னென்னவோ. கட்டடக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறிவிட்டால் எல்லா வீட்டுக்காரர்களும் செலவில் பங்கு கொடுக்க வேண்டும். கடலைமாவு அடை சுடும் கடையில் வேலை பார்க்கிற நான் எங்கே போவேன்? வீட்டை விற்றுத்தான் கொடுக்க வேண்டும். அதைத்தான் அவர்களும் எதிர்பார்த்தார்கள்.

ஆனால் எங்கள் சட்டத்தில் ஒரு நல்ல காரியம் உண்டு. கூட்டத்தில் யாருக்கு எத்தனை வீடு என்று மட்டும் பார்ப்பதில்லை, தலையையும் எண்ணுவார்கள். கம்பெனி பத்து வீடு வாங்கினாலும் ஒரு தலைதான். நான் ஒரு தலை, ஒட்டோனெல்லோ ஒரு தலை. நாங்கள் இரண்டு பேரும் வேண்டாம் என்றால் தீர்மானம் செத்தது. ஒருத்தர் கம்பெனி பக்கம் சாய்ந்தால் நிறைவேறிவிடும்.

கம்பெனியின் ஆள் மெர்லீனி இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தான். தெருவே தெரிந்து வைத்திருந்தது. ஏனென்றால் எத்தனையோ வருஷமாகக் கூட்டத்தில் நான் எதற்குக் கை தூக்கினாலும் ஒட்டோனெல்லோ அதற்கு எதிராகத் தூக்குவான். படிக்கட்டு விளக்குக்கு நான் ஆமாம் என்றேன், அவன் வேண்டாம் என்றான். ஒரு வருஷம் இருட்டில் தடவிக்கொண்டு ஏறினோம், அவனும் சேர்ந்துதான். குழாய் மாற்ற வேண்டாம் என்று நான் சொன்னபோது அவன் வேண்டும் என்றான், அதில் அவன் காசும்தான் போனது. மெர்லீனி இதையெல்லாம் விசாரித்துக்கொண்டு, அவனுக்கு இரண்டு முறை காபி வாங்கிக் கொடுத்ததாகக் கடையில் பேசிக்கொண்டார்கள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். டாக்டர் அரண்மனை சுற்றிவிட்டு மூக்கு சிவந்து வந்து உட்கார்ந்தார். நான் கருவாட்டையும் உருளைக்கிழங்கையும் அவர் முன்னால் வைத்தேன். வைத்த வேகத்தில் தட்டு நகர்ந்தது.

"நாளைக்கு என்ன செய்யப்போறீங்க?" என்று கேட்டார்.

"என்ன செய்ய? வேண்டாம்னு கை தூக்குவேன். அந்த ஆள் வேணும்னு தூக்குவான். வீடு போகும்."

"அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசினா?"

"அவன்கிட்டயா? என் நாக்கு அழுகினாலும் பேச மாட்டேன். வீடு போனாப் போகட்டும். அவன்கிட்டக் கேட்டு வாங்கின வீடா இருக்க வேண்டாம்."

நான் பிறந்தது இந்தச் சமையலறைக்குப் பக்கத்து அறையில். இதை விட்டு எங்கே போவது, மலைமேலே கட்டியிருக்கும் அந்த சிமெண்டுப் பெட்டிகளுக்கா? அழுகை வந்தது, அடுப்பைத் துடைக்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

டாக்டர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "அம்மா, அந்த இன்னொரு வாடகை எவ்வளவு?"

"எதுக்கு?"

"இன்னையிலேர்ந்து அதையே தர்றேன். எனக்குக் குறை சொல்லணும்."

"சொல்லுங்க, யார் வேண்டாம்னா" என்றேன். பிறகுதான் தெரிந்தது மனுஷர் எவ்வளவு சேர்த்து வைத்திருந்தார் என்று.

"இந்த அறையில ராத்திரி கோட்டுப் போட்டுக்கிட்டுப் படுக்குறேன். கட்டில் நடுவுல குழி. கோயில் மணி என் தலைமாட்டுலயே அடிக்குது. இந்தக் கருவாடு வேகும்போது வர்ற நாத்தம் என் கோட்டுல, தொப்பியில, சவரக் கண்ணாடியிலகூட இருக்கு. அரண்மனையில பக்கத்துல நிக்கிறவங்க தள்ளிப் போறாங்க. அதெல்லாம் விடுங்க. நீங்களும் அவரும் இருக்கீங்களே, ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு முட்டாள் வருவான். அதுதான் தாங்க முடியல."

"டாக்டர்!"

"காசு குடுக்குறேன், பேச விடுங்க. நான் அந்தப் பக்கம் போயிருக்கேன். காபிக் கடையில அவரே கூப்பிட்டார், போய்ப் பாத்தேன். மூணு வாரமா வாயை மூடிக்கிட்டு இருந்தேன், அதுதானே பேச்சு. இந்த ஊர்ல எத்தனை கூரை பாத்தேன். எல்லாத்துலயும் இப்படிக் கட்டிப்போட்ட பொண்ணு இருந்தா, அவளைக் காப்பாத்தக் குதிரையில ஒருத்தன் பறந்து வந்துக்கிட்டு இருப்பான். இங்க ஒருத்தனும் வரல. இவ யாரையும் கெஞ்சல. என் பேச்சை நம்ப வேண்டாம், போய்ப் பாருங்க."

எனக்கு வந்த கோபத்தில் யார்மேல் கோபம் என்றே தெரியவில்லை. ஏப்ரனோடு நடையைக் கடந்து ஒட்டோனெல்லோ வீட்டுக் கதவைத் தட்டினேன். தட்டின பிறகுதான் உலக்கை கையிலேயே இருப்பது தெரிந்தது.

பனியனோடு கதவைத் திறந்தான். துறைமுகத்தில் பாரந்தூக்கி இயந்திரம் ஓட்டிய ஆள், அறுபத்தெட்டு வயதிலும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். உலக்கையைப் பார்த்தான். "என்ன, நேர்லயே இடிக்க வந்துட்டியா?"

"கையைப் பாக்க வந்தேன்."

"யார் கையை?"

"எங்க வீட்டுப் பொண்ணு கையை. நகரு."

"எங்க கூரையில பொண்ணும் இல்ல ஒண்ணும் இல்ல. அது கப்பல்காரன் கை. எங்கப்பா சொல்லியிருக்கார்."

தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். படுக்கை அறை. நிமிர்ந்து பார்த்தேன்.

கருப்பும் பச்சையுமாகக் கடல். அதில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு மிருகம், பல் ஒவ்வொன்றும் கலப்பை மாதிரி. சுவரிலிருந்து வெளியே வருகிறது அந்தக் கை. மணிக்கட்டில் வளையம், அதில் அறுந்த சங்கிலி தொங்குகிறது. கையில் ஒரு பாறைக் கல். விரலெல்லாம் வெளுத்துப்போகிற அளவுக்கு இறுக்கிப் பிடித்திருக்கிறாள். மிருகத்தின் வாய்க்கு நேராக ஓங்கியிருக்கிறாள். குதிரையும் இல்லை, வீரனும் இல்லை.

நான் அங்கேயே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். என் அம்மா சாகும்வரை பாவப்பட்டவளே என்று அவளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். நானும் விட்டேன். அவள் எங்களைப் பார்த்து என்ன நினைத்திருப்பாள்? வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சிரித்தேனா அழுதேனா தெரியாது, இரண்டும்தான்.

"எந்திரி. அது என் கட்டில்" என்றான் ஒட்டோனெல்லோ.

"அது கப்பல்காரன் கை இல்லய்யா. வந்து மூஞ்சியைப் பாரு."

"பாக்க மாட்டேன்."

"பயமா?"

அந்த ஒரு சொல் போதும் அவனுக்கு. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஏதோ வெளியூருக்குப் போகிற மாதிரி, நடையைக் கடந்து என் சமையலறைக்கு வந்தான். டாக்டர் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். அவன் உட்காரவில்லை. ரொம்ப நேரம் அண்ணாந்து நின்றான். தொப்பியைக் கழற்றினான்.

"இவ்வளவு சின்னப் பொண்ணா" என்றான்.

பிறகு அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "உன் கருவாட்டுப் புகையில மூஞ்சியெல்லாம் கருத்துக் கெடக்கு. துடைக்க மாட்டியா?"

"உங்கப்பன் செங்கலைத் தள்ளி வைக்காம இருந்திருந்தா முழுசாத் துடைச்சிருப்பேன்."

"உங்கப்பன் கோட்டை நேராப் போட்டிருக்கணும்."

அவ்வளவுதான், பழையபடி ஆரம்பித்தோம். டாக்டர் நடுவில் ஏதோ சொல்ல வந்தார், இரண்டு பேரும் சேர்ந்து அவரை அடக்கினோம். நாளைக்குக் கை தூக்குவதைப் பற்றி வாய் வரைக்கும் வந்தது. நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனான்.

கூட்டம் எங்கள் தெருக் கோயிலுக்குப் பின்னால் உள்ள அறையில். மெர்லீனி நல்ல கோட்டும் நல்ல ஷூவுமாக வந்திருந்தான். கூடவே ஒரு பெரிய படம். என் வீடும் ஒட்டோனெல்லோ வீடும் ஒன்றாகிவிட்ட படம். நடுவில் சுவர் இல்லை. என் அடுப்பு இருந்த இடத்தில் இரண்டு பேர் வெள்ளை சோபாவில் உட்கார்ந்து, கையில் கோப்பையோடு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்த ஓவியம் உலகத்துக்கே சொந்தம்மா" என்றான் மெர்லீனி. "அதை ரெண்டாப் பிளந்து வச்சிருக்கோம். சுவரை எடுத்துட்டா மறுபடி ஒண்ணாயிடும். நீங்க அதுக்குத் தடையா இருக்கலாமா?"

"உலகம் வந்து கதவைத் தட்டட்டும், நான் தொறக்குறேன். இதோ டாக்டர் வந்தாரு, தொறக்கலையா? உலகம் வந்தா அடுப்பங்கரையில நின்னு பாத்துட்டுப் போகலாம். ஆனா நீங்க சொல்றது உலகம் இல்ல. காசு கட்டினவனுக்குத்தான் கதவு" என்றேன் நான். "சுவர் இருக்கட்டும். அவ இத்தனை வருஷம் சுவரைத் தாண்டித்தான் கல்லை ஓங்கியிருக்கா. அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்ல."

மெர்லீனிக்குக் கல் விஷயம் புரியவில்லை. புரியாவிட்டால் என்ன. அவன் ஒட்டோனெல்லோ பக்கம் திரும்பிப் புன்னகை செய்தான். "ஐயா எப்படி?"

"அவ மொதல்ல தூக்கட்டும். நான் எப்பவும் அவளுக்கு அப்புறம்தான்" என்றான் ஒட்டோனெல்லோ, கையைக் கட்டிக்கொண்டு. மெர்லீனி பேனாவைத் திறந்தான்.

"எதிர்க்கிறவங்க?"

நான் கையைத் தூக்கினேன். ஒட்டோனெல்லோவைப் பார்க்கக் கூடாது என்று எதிர்ச் சுவரில் இருந்த புனிதரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேலைக்காரர்கள் கும்பிடும் புனிதர் அவர், எனக்கு ஒன்றும் செய்ததில்லை. யாரோ இருமினார்கள். அப்புறம் நாற்காலி கிரீச்சிட்டது.

அவன் கை எனக்குப் பக்கத்தில் மேலே போயிருந்தது. கூட்டத்தில் தூக்குகிற மாதிரி விரித்த கை இல்லை. மூடிய முஷ்டி.

"ஐயா, இது எதிர்க்கிறவங்களுக்கு" என்றான் மெர்லீனி. "நீங்க தப்பா..."

"காது கேக்குதுய்யா எனக்கு."

பிறகு என் பக்கம் திரும்பினான். முகம் எப்போதும் போலவே கடுகடு என்றுதான் இருந்தது. "உனக்காகன்னு நெனச்சுக்காத, நிக்லா. மூஞ்சிதான் உன் வீட்டுல இருக்கு. கை என் வீட்டுல இருக்கு."

எனக்கு நினைவு தெரிந்து அவன் என் பெயரைச் சொன்னது அன்றுதான்.

மெர்லீனி படத்தைச் சுருட்டினான். அடுத்த வருஷமும் கூட்டம் உண்டு என்று சொல்லிவிட்டுப் போனான். உண்டுதான். நாங்களும் இருப்போம்.

அன்று சாயங்காலம் கருவாட்டை வேண்டுமென்றே கூடுதலாகப் போட்டேன். கொதி வருவதற்குள் சுவரில் தொம் தொம் என்று இடி விழுந்தது. நான் உலக்கையை எடுத்துத் திருப்பி இடித்தேன், அவனைவிடப் பலமாக. அறைக்குள்ளிருந்து டாக்டர், இந்த வீட்டில் மனுஷன் ஒரு நிமிஷம் நிம்மதியாகக் கண்ணை மூட முடியுமா என்று கத்தினார். கத்தட்டும், அதற்கும் சேர்த்துத்தான் வாடகை தருகிறார்.